கொதித்த காரும் தவசியின் கிணறும்

தரையோடு தரையாக வந்த ரோடு மலையைக் கண்டதும் தலை தூக்குகிற இடத்தில் எங்கள் ஊர் மூங்கிலடி இருக்கிறது. அங்கிருந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேக்காடு. ஏறப்போகிற வண்டிக்கும் இறங்கி இளைத்து வருகிற வண்டிக்கும் தண்ணீர் இல்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு குடம் தனியாக இருக்கும், அதற்கு வண்டிக்குடம் என்று பெயர், குடிக்கிற குடம் காலியாகக் கிடந்தாலும் வண்டிக்குடம் நிறைந்திருக்க வேண்டும், அதில் கை நனைத்தவனை ஊர் மன்னிக்காது. மழை பெய்யாத மூன்றாவது வருஷம், பங்குனியில், ஊரின் பதினோரு கிணறும் வறண்டு, பெண்கள் மூன்று மைல் நடந்து ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி ஒவ்வொரு செம்பாக மொண்டு வந்த நாட்களிலும் அந்தக் குடங்கள் நிறைந்தே இருந்தன. அப்படிப்பட்ட நாளில்தான் அல்போன்ஸின் வெள்ளைக் கார் ஆவி கக்கிக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றது.

மேக்காட்டில் இருந்த ஒரே கார் அது. ஆம்புலன்ஸ் மலையேறாத காலம். சீக்காளியை, பிள்ளைத்தாய்ச்சியை, பாம்பு கடித்தவனை அல்போன்ஸ்தான் கீழே கொண்டுவருவான்.

"சூடு காட்டுற முள்ளு செவப்புல போய் ஒட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்குதுண்ணே," என்றான். "எம் பொண்டாட்டி லூர்துக்கு மாசம். பிள்ளை குறுக்க கெடக்குதாம். குலுங்காம கீழ கொண்டாந்து பெரியாஸ்பத்திரியில சேத்துருன்னு நர்ஸம்மா சொல்லிருச்சு. அவள ஏத்துறதுக்கு முன்னாடி வண்டிய சரி பண்ணிப்புடணும்."

"எத்தனை நாள் இருக்கு?"

"பதினஞ்சு நாளுங்குறாங்க."

பதினைந்து நாளில் நான் புது இன்ஜினே செய்துவிடுவேன் என்றேன். இந்தச் சொல்லை நாட்டாமை ராசுக்காளை பின்னாளில் நாலு பேர் முன்னால் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். நான் அதை மறக்கவில்லை.

சூடு தணியும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியின் மேல் ஈரச்சாக்கைப் போட்டுத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டபடி தண்ணீரை நூல் மாதிரி ஊற்றினேன். கொதிக்கிற இன்ஜினில் அவசரக்காரன் மடமடவென்று ஊற்றினால் இரும்பு விரிசல் விட்டுவிடும், அதனால் என் பட்டறையில் தண்ணீர் ஊற்றுகிற வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. ஒரு குடம் போயிற்று. இரண்டு போயிற்று. தெருவில் இருந்த வண்டிக்குடங்கள் ஒவ்வொன்றாக வந்தன, ஆறு, எட்டு, பதினொன்று, அந்தக் கார் தாகம் தீராத யானையைப் போலக் குடித்துக்கொண்டே இருந்தது, ரேடியேட்டர் நிறையவில்லை. அடியில் உலர்ந்த மணலைப் பரப்பி வைத்தேன், ஒரு சொட்டு விழவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன், ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் ஊற்றிய தேநீர் மாதிரி வெளுக்கும், அது கரேலென்று சுத்தமாக இருந்தது. புகைக்குழாயில் கை வைத்தேன், ஈரம் இல்லை. தண்ணீர் காருக்குள் போனது, காரில் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை என்றால் மஞ்சள்தூள் அடைத்துவிடும். எங்கள் பக்கத்து மெக்கானிக் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அது. டீக்கடை ஒச்சம்மாவிடம் கால் கிலோ மஞ்சள்தூள் வாங்கிக் கரைத்து ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலையில் தவசியின் கிணற்றில் மஞ்சள் தண்ணீர் நின்றது.

தவசி என் கூடப் பிறந்த அண்ணன். பாகம் பிரித்தபோது கிணறு அவன் பக்கம் போனது, அது சீட்டுக் குலுக்கியதில் விழுந்தது, அதைக் குறை சொல்லவில்லை. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கதவு போட்டுப் பூட்டினான், அதைக்கூட விட்டுவிடுகிறேன். என் வீட்டுக்காரி செத்த அன்று, ஊரெல்லாம் கூடி நின்ற அன்று, குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டு ஆள் அனுப்பினால் கதவு பூட்டியிருந்தது, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு அவன் சந்தைக்குப் போயிருந்தான். பட்டறையில் டியூப் முக்கிப் பார்க்கிற டிரம்மில் இருந்த தண்ணீரை, மேலே மிதந்த கிரீஸை ஒதுக்கிவிட்டு எடுத்து அவளைக் குளிப்பாட்டினேன். இனி அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கையால் தொட மாட்டேன், அது என் பட்டறைக்குள்ளும் வரக்கூடாது என்று பாடையின் மேல் கை வைத்துச் சொன்னேன். பத்தொன்பது வருஷம் அவனோடு பேச்சில்லை.

கிணற்றைப் பார்க்க ஊர் திரண்டு போனது. நான் வரப்பில் நின்று சுவருக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் பாறை தெரிந்த அடிக்கிணற்றில் பதினொரு படி ஏறித் தண்ணீர் நின்றது, குடத்துக்கு ஒரு படி வீதம், மஞ்சளாக, இளம் சூடாக. மாரியாத்தா மஞ்சள் நீராடிவிட்டுப் போயிருக்கிறாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள்.

"ஆத்தாவும் இல்ல, கீத்தாவும் இல்ல," என்று வரப்பிலிருந்து கத்தினேன். "நான் கார்ல ஊத்துன மஞ்சத்தூளு அது. வேணும்னா மோந்து பாருங்க, டீசல் அடிக்கும்."

மோந்து பார்த்தார்கள். டீசல் அடித்தது.

"அதனால என்னண்ணே," என்றாள் ஒச்சம்மா. "ரேடியேட்டர் வழியாத்தான் வரணும்னு ஆத்தா நெனச்சா, நீயும் நானும் வேற வழி காட்ட முடியுமா?"

அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கார் ஊரின் வேலைகளில் ஒன்றாகிப் போனது. காலையில் நான் இன்ஜினை ஓடவிடுவேன், முள் சிவப்பைத் தொடும், அது குடிக்கத் தொடங்கும், நான் ஊற்றுவேன், அங்கே படி ஏறும். தவசியின் கிணற்றுத் தண்ணீர் பட்டறைக்குள் வராது என்பது ஊருக்குத் தெரிந்ததால் வண்டிக்குடங்களை மட்டும் ஆற்று மணலிலிருந்தே நிறைத்துக் கொண்டுவந்தார்கள், மற்ற எல்லாவற்றுக்கும் கிணற்றுக்குப் போனார்கள். முதல் இரண்டு நாள் அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்த மாடுகள் மூன்றாம் நாளிலிருந்து வேறு தண்ணீரைத் தொடவில்லை. மூட்டுவலிக்காரர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து வாய்க்காலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சவரத் தொழிலாளி சுடுதண்ணீர் வைக்கிற வேலை மிச்சம் என்று நாற்காலியைக் கிணற்றடிக்கே தூக்கிப் போனார். பிள்ளைகள் அடம் பிடிக்காமல் குளித்தார்கள். ஒச்சம்மாவின் இட்லி மாவு அரை நாளில் பொங்கியது. தவசி பூட்டை எடுத்துவிட்டுக் கதவையே கழற்றி வைத்துவிட்டானாம், யார் வந்தாலும் மொண்டுகொள்ளலாம் என்றானாம். நல்ல மனுஷன் என்று ஊரே அவனைப் புகழ்ந்தது, வருகிற திருவிழாவில் முதல் மாலை அவனுக்குத்தான் என்று நாட்டாமை சொல்லிவிட்டார். ஊற்றுகிறவன் நான், மாலை அவனுக்கு.

இதற்கு நடுவில் நான் காரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், சரியான இறுக்கம். சூட்டில் திறக்கவேண்டிய தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், அது பூ மாதிரி விரிந்தது. தண்ணீர் பம்பில் குறையில்லை. ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி அலசினேன், துரு வந்தது, வேறொன்றும் வரவில்லை. கடைசியில் இன்ஜினின் தலையையே கழற்றி அடியில் இருக்கிற கேஸ்கட் தகட்டை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் மாட்டி ஓட்டினால் முள் சிவப்பில்தான் போய் நின்றது.

பன்னிரண்டாம் நாள் ஊர்க் கூட்டம் கூட்டினார்கள்.

"என்னப்பா சடையாண்டி," என்றார் நாட்டாமை, "சரி பண்ணத் தெரியலையா, சரி பண்ணாம இருக்கியா?"

"ஒங்களுக்கு எது வேணும்?"

"சரி பண்ணிப்புட்டா கெணறு என்னாகும்?"

"வண்டி தண்ணி குடிக்காது. கெணறு ஏறாது."

அல்போன்ஸ் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு நாளாக வீட்டுக்கு ஒரு வேளை என்று அவனுக்குச் சோறு போட்டிருந்தார்கள், கறிச்சோறுகூடப் போட்டிருந்தார்கள், அவன் இளைத்துத்தான் போயிருந்தான்.

"இன்னும் மூணு நாள் இருக்குல்ல தம்பி," என்றார் நாட்டாமை. "திருவிழா முடியட்டும். ஆத்தா பாத்துக்கிருவா."

பதின்மூன்றாம் நாள் காலையில் மேலேயிருந்து மிளகு மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரன் பட்டறை முன்னால் பிரேக் போட்டு, இறங்காமலே சொன்னான்: "அல்போன்சு, ஒம் பொண்டாட்டிக்கு வலி கண்டிருச்சு. ஒன்னையத்தான் கேக்குது."

அல்போன்ஸ் தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்துவிட்டான். லாரியில் போட்டுக் கொண்டுவந்தால் குலுங்கியே இரண்டு உயிரும் போகும். நடந்து ஏறினால் நாலு மணி நேரம், ஏறிப் போய் என்ன செய்வது. காரை அப்படியே ஏற்றினால் நாலாவது வளைவில் இன்ஜின் இறுகிவிடும், அப்புறம் அது இரும்புக்கடைச் சாமான்.

"அண்ணே," என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் காருக்கு என்ன கோளாறு என்று ஐந்தாம் நாளே எனக்குத் தெரியும். ரேடியேட்டரில் இரண்டு ரப்பர் ஹோஸ் உண்டு. மேல் ஹோஸில் சூடான தண்ணீர் இன்ஜினை விட்டுப் போகும், கீழ் ஹோஸில் ஆறின தண்ணீர் திரும்பி வரும். போவதும் வருவதுமாகச் சுற்றினால்தான் சூடு இறங்கும். இந்தக் காரின் தண்ணீர் தவசியின் கிணற்றுக்குப் போனது. அங்கிருந்து ஒரு சொட்டும் திரும்பி வரவில்லை. அது வரக்கூடாது என்று சொன்னவன் நான். ஐந்தாம் நாள் இது எனக்குப் புரிந்தது, அதற்குப் பிறகு எட்டு நாள், வால்வையும் பம்பையும் கேஸ்கட்டையும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"தவசி கெணத்துல ஒரு கொடம் எடுத்துட்டு வா," என்றேன் அல்போன்ஸிடம்.

அவன் ஓடினான். நிறைந்த குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் குடத்தின் வாயில் ஆவி எழும்பியது, பட்டறை வாசலில் அவன் இறக்கி வைத்தபோது உள்ளே ஈரம்கூட இல்லை. மறுபடி ஓடினான். மறுபடி காலிக் குடம். மூன்றாம் முறை அவன் கிளம்பியபோது ஒச்சம்மா கரண்டியோடு கடையை விட்டு வந்து குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை நாளு அந்த வண்டியில ஊத்துனது யாரு கை?" என்று என்னைக் கேட்டாள்.

"என் கை."

"ஊத்துன கை எறைக்க வேணாமா? அந்தப் புள்ளைய ஏன் ஓடவிடுற? மேல ஒருத்தி பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கா, நீ இங்க ரோசத்துக்குப் பட்டறை போட்டிருக்க."

சுற்றிலும் ஆள் சேர்ந்துவிட்டது. நாட்டாமையும் இருந்தார், அவர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். குடத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன். வரப்பு முடிகிற இடத்தில் கதவு இல்லாத நிலைப்படியைத் தாண்டிக் கால் வைத்தபோது, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் கழற்றினேன்.

தவசி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். நரைத்துப்போய் இருந்தான். என்னைப் பார்த்துவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏ காளை," என்றான் மாட்டிடம், "வந்தவுகளுக்கு எத்தனை கொடம் வேணுமாம், கேளு."

கப்பியில் தொங்கிய கயிற்றைப் பார்த்து நான் சொன்னேன்: "ஒன்னு போதும்னு சொல்லு."

வாளியை இறக்கினேன். தண்ணீர் பக்கத்தில் இருந்தது, நாலு முழம் கயிறுகூட வேண்டியிருக்கவில்லை. முதல் சொட்டு புறங்கையில் விழுந்தபோது அது உடம்புச் சூட்டில் இருந்தது, காய்ச்சல் இறங்கிய பிள்ளையின் நெற்றி மாதிரி.

"அன்னைக்குச் சாவி சந்தையில தொலஞ்சுபோச்சுன்னு சொன்னா," என்றான் அவன் மாட்டின் காதுக்குள், "இவுக நம்புவாகளா?"

"நம்ப மாட்டேன்," என்றேன் கயிற்றிடம். நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

மாடு தலையை ஆட்டிக்கொண்டு குடித்தது. குடத்தைத் தோளில் ஏற்றியபோது வயசான தோள் கொஞ்சம் ஆடியது, பின்னாலிருந்து ஒரு கை அடியில் தாங்கி நிமிர்த்திவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குடத்தில் ஆவி எழும்பவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, நூல் மாதிரி ஊற்றினேன். அரைக் குடம் போனதும் ரேடியேட்டர் நிறைந்து வாய்வரை வந்து நின்றது, பதின்மூன்று நாளில் முதல் முறையாக அதில் என் முகம் தெரிந்தது. சிவப்பில் ஒட்டியிருந்த முள் மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு இறங்குவது மாதிரி இறங்கி, நடுக்கோட்டில் உட்கார்ந்தது. கீழ் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். ஆறிப்போய் இருந்தது.

"போ," என்றேன். "ரெண்டாவது கியர்லயே ஏறு. முள்ளப் பாக்காத, ரோட்டப் பாரு."

அல்போன்ஸ் போனான். கார் முதல் வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு, மீதி அரைக் குடத்தை என்ன செய்வதென்று தெரியாமல், அதை எடுத்த இடத்திலேயே ஊற்றிவிடலாம் என்று திரும்பக் கிணற்றுக்கு நடந்தேன். ஊர் என் பின்னால் வந்தது. கிணறு வற்றப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், வற்றுவதைப் பார்த்துவிடலாம் என்று வந்தார்கள்.

கிணறு வற்றவில்லை. தண்ணீர் அதே படியில் நின்றது, ஆனால் அசையாமல் நிற்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தத் தண்ணீரும் கிழக்குப் பக்கம் சாய்ந்து, ஒரு படி ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு சமமானது. காற்றில்லை. யாரும் கல் எறியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேற்குப் பக்கம் சாய்ந்தது.

"வளைவு," என்றேன். "வண்டி திரும்புது. மூணாவது வளைவு இப்ப."

கிணற்றைச் சுற்றி வட்டமாக நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, அந்தத் தண்ணீர் கிழக்கிலும் மேற்கிலுமாக மலையேறுவதைப் பார்த்தோம். சவரத் தொழிலாளி பாதி மழித்த முகத்தோடு ஒருவரை விட்டுவிட்டு வந்திருந்தார், அந்த ஒருவரும் பக்கத்திலேயே நின்றார். நாட்டாமை விரலை மடக்கி எண்ணினார். ஒன்பது என்றார். பன்னிரண்டு என்றார். பதினெட்டு என்றபோது தண்ணீர் கடைசியாக ஒரு முறை சாய்ந்து, சமமாகி, கண்ணாடி மாதிரி அசைவற்று நின்றது, அதில் வானம் முழுவதும் தெரிந்தது, உச்சி வெயில் தெரிந்தது, குனிந்து நின்ற எங்கள் எல்லாருடைய முகமும் தெரிந்தது. மேக்காடு போய்ச் சேர்ந்துவிட்டான்.

பிறகு அது திரும்பிச் சாய்ந்தது. இந்த முறை சாய்வது தெரியாத அளவுக்கு மெதுவாக, தூங்குகிறவரைப் புரட்டிப் படுக்க வைப்பது மாதிரி, ஒவ்வொரு வளைவுக்கும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு தண்ணீர் திரும்பியது. அவள் உள்ளே இருக்கிறாள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. வெயில் தாழ்ந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, அடுப்பு எரியவில்லை, மாடுகள்கூடத் தொழுவத்துக்குத் திரும்பாமல் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி நின்றன. பதினேழு, பதினாறு, பதினைந்து என்று நாட்டாமை இறங்குமுகமாக எண்ணிக்கொண்டு வந்தார்.

ஏழாவது வளைவில் தண்ணீர் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

ஒரு பக்கம் ஒரு படி உயரமும் மறுபக்கம் ஒரு படி பள்ளமுமாக, சமமாகாமல், அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என்னால் நினைக்க முடிந்ததெல்லாம் இன்ஜினைத்தான். பெல்ட்டைச் சரியாக முடுக்கினேனா, ஹோஸ் கிளிப்பை இறுக்கினேனா, எட்டு நாளைக்கு முன்னால் அனுப்பியிருக்க வேண்டிய வண்டி அது. ஒச்சம்மா என் கையைப் பிடித்திருந்தாள் என்று நினைத்தேன், பார்த்தால் பிடித்திருந்தது அவள் இல்லை, தவசி. நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

அப்போது கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுதது.

அடியாழத்திலிருந்து, பாறைக்குக் கீழேயிருந்து வருகிற மாதிரி, முதலில் ஒரு விக்கல், பிறகு கிணற்றுச் சுவரெல்லாம் மோதித் திரும்புகிற அழுகை, பசியும் கோபமுமாக, உயிரோடு. அதன் சத்தத்துக்குத் தண்ணீர் முழுவதும் சின்னச் சின்ன வளையமாகச் சிலிர்த்தது. நாட்டாமை தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பெண்கள் குலவையிட மறந்து நின்றார்கள். அழுகைக்கு அடியில், ரொம்ப மெதுவாக, ஒரு பெண் சிரிப்பது மாதிரியும் கேட்டது, அது லூர்து என்று அதற்கு முன் அவள் குரலைக் கேட்டிராத நாங்கள் எல்லாரும் தெரிந்துகொண்டோம்.

"பொம்பளப் புள்ள," என்றான் தவசி. மாட்டைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான்.

"ஆம்பள," என்றேன் நான்.

"கொரலக் கேட்டாத் தெரியலையாடா? பொம்பளப் புள்ளைடா அது."

"நீ எதத்தான் ஒழுங்காக் கேட்ட? ஆம்பளப் புள்ள அது."

ஒச்சம்மா இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னாள். நாங்கள் மூடவில்லை. அவன் ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன், பத்தொன்பது வருஷத்துச் சொல் தொண்டையில் கிடந்தது, அதற்குள் தண்ணீர் ஏழாவது வளைவை விட்டு நிமிர்ந்து, ஆறாவது வளைவுக்கு, மெல்ல, மெல்ல, சாயத் தொடங்கியது.